சின்ன வக்கீல் கேட்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. கொஞ்ச நேரம் நின்றாலே நெற்றியிலிருந்து தண்ணீராக ஊற்றும். அதனால் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். என் மனைவி இஸ்திரி போட்டு நாலாக மடித்துக் கொடுப்பாள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வக்கீல் புத்தி, விடாது.

என் தம்பியும் நானும் ஒரே ஆபீஸ். ரயில்வே கிராசிங்கில் அடிபட்டவர்கள், அடிபட்டுச் செத்தவர்களின் குடும்பங்கள், இவர்கள்தான் எங்கள் கட்சிக்காரர்கள். கேட் இருக்காது, மணி அடிக்காது, புதர் மண்டி ரயிலே தெரியாது. ஆனால் எதிர்த்தரப்பு ஒரே பல்லவியைத்தான் பாடும்: வண்டி ஓட்டியவன் பார்த்து வந்திருக்க வேண்டும். அதை உடைப்பது என் வேலை. பழைய தீர்ப்புகளைத் தோண்டியெடுத்து, தொண்டை வறள வாதாடியது நான். தம்பி கட்சிக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்பான். கூடவே எங்கே விபத்து நடந்தாலும் அங்கே கேட் போடச் சொல்லி மனு எழுதுவான். "கேஸ் ஜெயிச்சா மட்டும் போதுமாண்ணா? அடுத்த ஆள் சாகக் கூடாதுல்ல?" என்பான்.

ஜெயித்தது நான். பெயர் அவனுக்கு.

ஒரு டெய்லரின் மனைவி இருக்கிறாள். கணவனைக் கிராசிங்கில் பறிகொடுத்தவள். அவள் வழக்கை மேல்கோர்ட் வரை இழுத்து ஜெயித்துக் கொடுத்தேன். நன்றி சொல்ல வந்தாள். என் அறைக்குள் எட்டிப் பார்த்து, "சின்ன வக்கீல் இருக்காருங்களா?" என்றாள். தம்பி அறைக்குப் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பும்போது என்னிடம், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?" என்றாள். கொடுத்தேன். கறுப்புக் கோட்டில் பார்த்தவளுக்குக் கோட் இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை. குமாஸ்தா என்று நினைத்திருக்கிறாள்.

தம்பிக்கு அது பெரிய வேடிக்கை. "இனிமே வீட்லயும் கோட் போட்டுக்கங்கண்ணா. அண்ணிக்கு அடையாளம் தெரியணும்ல?" என்றான். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். இதற்கு நாகரிகமான வேறு சொல் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. செத்தவன் எப்படி வண்டி ஓட்டி வந்தானோ அப்படியே தானும் ஓட்டிப் பார்ப்பான். அதே பாதை, அதே வேகம், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டுப் போட்டு. "அவன் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது, எங்க வந்ததும் தெரிஞ்சுது, அது நமக்குத் தெரியணும்" என்பான். நடுவில் நிற்காமல் ஓட்ட வேண்டும் என்பதால் ரயில் வருகிறதா என்று ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் நான். தண்டவாளம் வளையும் இடத்தில் மேட்டின் மேல் நிற்பேன். லைன் காலியாக இருந்தால் கைக்குட்டையைத் தலைக்கு மேல் ஆட்டுவேன். ஆட்டினால் வருவான். ஆட்டாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான். எதிர்த்தரப்பு வக்கீல் காதில் விழுந்தால் கோர்ட்டில் வைத்துக் கிழித்துவிடுவார் என்று இதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

மரக்கடையைத் தாண்டி இருக்கும் கிராசிங்கில் ஒரு வேன் டிரைவர் செத்துப்போன வழக்கு வந்தது. அங்கே கேட் வேண்டும் என்று தம்பி முன்பே மனு மேல் மனு போட்டிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் ஓட்டிப் பார்க்கப் போன அன்று காலை, சாப்பிடும்போது என் மகள் தானும் சட்டம் படிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு மனசு பூரித்துப்போனது. "அப்பா மாதிரியா?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"சித்தப்பா மாதிரிப்பா" என்றாள்.

நான் தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மேட்டில் ஏறி நின்றேன். அவன் கார் புதருக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டு நின்றது. வளைவில் ரயில் வருவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியாது, புதர் அப்படி. கைக்குட்டையை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். முகம் துடைக்கத்தான் எடுத்தேன், அவன்தான் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று வெயிலே இல்லை. மேகம் மூடி, காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது. கையை நன்றாக உயர்த்தி ஆட்டினேன். அவன் ஹெட்லைட்டை ஒரு தடவை போட்டு அணைத்தான். 'சரிண்ணா' என்பதற்கு அவன் எப்போதும் செய்வது அது.

ரோட்டை அளந்துகொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்று விசாரிக்க வந்த உங்கள் ஆட்களிடம் சொன்னேன். எழுதிக்கொண்டு, எனக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள்.

தம்பி மனைவி, "உங்க கையப் புடிச்சுட்டுத்தானே மாமா அவரு இந்தத் தொழிலுக்கே வந்தாரு" என்று கதறினாள். அவளுக்காக நானே வழக்கை நடத்தினேன். அந்தப் புதரைப் பற்றி அப்படி ஒரு வாதம் நான் வாழ்க்கையில் செய்ததில்லை. ஜெயித்தேன். வெளியே வந்ததும் என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சித்தப்பா இதக் கேட்டிருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள்.

மனுக்களுக்கு மசியாத ரயில்வேக்காரர்கள் ஒரு வக்கீல் செத்ததும் ஆடிப்போனார்கள். கிராசிங்கில் கேட் வந்தது, மணி வந்தது, சிவப்பு விளக்கு வந்தது, புதரையும் வெட்டினார்கள். நேற்று திறப்பு. பக்கத்தில் ஒரு பலகை நட்டு அவன் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சின்ன வக்கீல் கேட் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாம் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். டெய்லர் மனைவி இந்தத் தடவை என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "அவரு அண்ணன்தானே நீங்க? உசுரையே குடுத்து இந்த கேட்ட வாங்கித் தந்துட்டாருங்க மகராசன்" என்றாள்.

அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள், அது உண்மையில்லை. அவன் எங்கே உயிரைக் கொடுத்தான்? பாட்டுக் கேட்டுக்கொண்டு கார் ஓட்டினான், அவ்வளவுதான். அவன் எழுதிய மனு ஒன்றுகூட அந்த கேட்டைக் கொண்டுவரவில்லை. நான் தூக்கிய கை கொண்டுவந்தது. என் தம்பியைக் கொன்றது நான். அந்த கேட்டை வாங்கிக் கொடுத்ததும் நான். இதையாவது என் பெயரில் எழுதுங்கள், இன்ஸ்பெக்டர்.