டாக்டர் தோற்க ஒரு தேங்காய்

1957 ஆகஸ்ட் 27, செவ்வாய்க்கிழமை. மலாய் நாட்டின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் நான்கு நாள். தெங்கேராவிலிருந்து காஜா பெராங் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவரும் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கும் ஒருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நம்ம டாக்டரு தோக்கணும்னு மாரியம்மனுக்குத் தேங்காய் உடைச்சேன், தம்பி.”

“யாரு, சுவிட்சர்லாந்துக்குத் திரும்பிப் போனாரே, அந்த வெள்ளைக்கார டாக்டரா?”

“அவரேதான். அவங்க ஊரு சட்டசபைக்கு நிக்கிறாரு. தோத்தா இங்கேயே வந்து மறுபடி டிஸ்பென்சரி திறப்பேன்னு சொல்லிட்டுத்தான் கப்பல் ஏறினாரு.”

“அந்த எலெக்‌ஷன்ல உங்க தேங்காய்க்கு ஓட்டு இருக்காண்ணே?”

பெரியவர் சிரிக்கவில்லை.

“வீட்டுக்காரி போனப்புறம் என் வாசப்படி ஏறினது அவரு ஒருத்தருதான். பிரஷர் பார்க்க அஞ்சு நிமிஷம், பேச ஒரு மணி நேரம். பாதி மலாய், பாதி கைஜாடை.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். சனிக்கிழமை வந்ததாம்.

“இங்கிலீஷ்ல இருக்கு. படிச்சுச் சொல்லுங்க.”

கிராணி முதலில் மனதுக்குள் படித்தார்.

“ஜெயிச்சுட்டாருண்ணே. நீங்க அவருக்காகச் சாமி கும்பிட்டிருப்பீங்கன்னு தெரியுமாம். ரொம்ப நன்றின்னு எழுதியிருக்காரு.”

பெரியவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“பதில் போடணுமே, தம்பி.”

“என்னன்னு எழுத?”

“சந்தோஷம்னு எழுதுங்க. அப்புறம், சாயங்காலத்துல அவருகூடப் பேச அங்கே யாராச்சும் இருக்காங்களான்னு கேளுங்க.”