பின் இடது மூலை

இரவு பதினொன்றே முக்கால். ஊரைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்கள் முடிந்துவிட்டன. இரண்டு பக்கமும் இருட்டு... அந்த நேரத்தில் அந்தச் சாலையில் ஒரே ஒரு கார். அதற்குள் தான் ஒருவன்தான் இருப்பதாக ஓட்டியவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

நெருங்கி உட்காருங்கள். பெயர் கேட்கக் கூடாது. என் நண்பருடைய சம்பந்தி வீட்டில் நடந்தது. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. அவனை மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டுப் போவோம். அந்த மரியாதையும் அந்தப் பெண்ணை நினைத்துத்தான்.

மாமனார் நாற்பது வருடமாகக் கார் பட்டறை நடத்துகிறவர். அவர் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. வண்டியில் சொருகினால் எல்லாம் திரையில் தெரியும். அதனால் கண்ணும் காதும் இனிமேல் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டான். வாயை மட்டும் வைத்துக்கொண்டான்.

வண்டி ஒரு பல் டாக்டரம்மாவுடையது. பாரத்துக்கும் சாலைக்கும் தக்கபடி தானே உயர்ந்து தாழ்கிற சஸ்பென்ஷன். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு காற்றுப் பை, உயரம் பார்க்க ஒரு சென்சார், அவற்றுக்கு மின்சாரம் போகிற ஒயர்களை இணைக்கிற கப்ளர்கள். பின் இடது மூலை மட்டும் தாழ்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்று கொண்டுவந்தார். மாப்பிள்ளை சென்சாரை மாற்றினான். பத்தே நாளில் திரும்பி வந்தது. காற்றுப் பையை மாற்றினான். ஒரே வாரம். மூன்றாம் தடவை டாக்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, அந்த சீட்லதான் எங்கப்பா உட்காருவார். அவர் போய் மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம்தான் இப்படி இறங்குது..."

மாப்பிள்ளை சிரித்தான். அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே.

"பெரியவர் சீட் பெல்ட் போடுறாரா மேடம்? இல்லேன்னா அதுக்கும் ஒரு லைட் எரியணுமே!"

பட்டறையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாப்பிள்ளையை நேரே பார்த்துத் திட்டும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. மாமனார் எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வண்டி இன்னொரு தடவை இதே கம்ப்ளெயின்ட்டோட உள்ள வந்துச்சுன்னா, பட்டறைச் சாவி வேற ஆள் கைக்குப் போயிடும். கேட்டுக்கட்டும்."

சுவருக்குக் கேட்டதோ இல்லையோ, மாப்பிள்ளைக்குக் கேட்டது. அந்தச் சாவிக்காகத்தான் அந்த வீட்டில் பெண் எடுத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லவில்லை.

அன்று எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் தங்கினான். வண்டியை லிஃப்டில் ஏற்றினான். நான்கு மூலையிலும் கப்ளர்களைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினான். சரியாக உட்கார்ந்தால் ஒரு சத்தம் வரும். முன் வலது... டிக். முன் இடது... டிக். பின் வலது... டிக். பின் இடதை அழுத்தினான். சத்தம் இல்லை. இன்னும் பலமாக அழுத்தினான். இல்லை. சலித்துப்போய்க் கையை எடுத்தான்.

டிக்.

கையை எடுத்த பிறகு.

தொழில் தெரிந்தவனாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்றிருப்பான். இவன் விசிலடித்துக்கொண்டே வண்டியைக் கீழே இறக்கினான்.

கப்ளர்களை மாட்டியதும் வண்டிக்கு உயரத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சமதளத்தில், ஆள் யாரும் ஏறாமல், கதவுகளை மூடி நிறுத்த வேண்டும். நான்கு மூலையையும் டேப் வைத்து அளந்து, சரியாக இருந்தால் மட்டுமே அந்த உயரத்தைப் பூஜ்யமாகப் பதிய வேண்டும். மாமனார் போன் செய்தார்.

"டேப் வச்சுப் பார்த்தீங்களா, மாப்பிள்ளை?"

"பார்த்தாச்சு மாமா, நீங்க நிம்மதியா தூங்குங்க."

டேப் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேனரில் மூன்று மூலைக்குப் பூஜ்யம். பின் இடதுக்கு மைனஸ் இருபத்திரண்டு மில்லிமீட்டர். நல்ல உடம்புள்ள ஒரு ஆள் உட்கார்ந்தால் இறங்குகிற அளவு.

ஏன் என்று தேட வேண்டியவன் தேடவில்லை. அந்தத் தாழ்வையே சரியான உயரமாகப் பதிந்துவிடத் துணிந்தான். வண்டி காலியாக இருக்கிறதா என்று ஸ்கேனர் கேட்டது. டார்ச்சை அடித்துப் பின் சீட்டைப் பார்த்தான். வெறும் தோல் மெத்தை. இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டான்.

"பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. இனிமே உங்க வெயிட் பூஜ்யம். நீங்க ஒரு ஆளே இல்ல."

வயதில் மூத்தவரிடம், அதுவும் போய்ச் சேர்ந்தவரிடம் பேசுகிற பேச்சா இது?

ஆம் என்று அழுத்தினான். நான்கு மூலையும் பூஜ்யம். சிவப்பு விளக்கு அணைந்தது.

காலையில் டாக்டரம்மாவிடம் விட்டுவிடலாம், போகிற வழியில் ஓட்டியும் பார்த்த மாதிரி இருக்கும் என்று வண்டியை வீட்டுக்கு எடுத்தான். ஸ்கேனர் பக்கத்து சீட்டில் எரிந்துகொண்டிருந்தது. அப்படித்தான் அந்தப் புறவழிச் சாலை வந்தது.

வண்டி மிதந்தது. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

பிறகு ஒரு வாசனை... பெட்டியில் வெகுநாள் மடித்து வைத்த சட்டையின் அந்துருண்டை வாசனை. கண்ணாடியை இறக்கினான். காற்று வந்தது, வாசனை போகவில்லை. ஒரு வளைவில் திரும்பும்போது பின்னால் தோல் மெத்தை முனகியது. கிர்ர்... சாய்ந்த ஆள் நிமிர்ந்து உட்காரும் சத்தம். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஸ்கேனரைப் பார்த்தான். பின் இடது... பூஜ்யம். அப்பாடா என்று மூச்சு விட்டான்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. இந்த வண்டியில் இன்று பூஜ்யம் என்றால் அங்கே யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப் பதிந்தவனே அவன்தான்.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தான். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

வண்டி லேசாக அசைந்தது. பின் இடது மூலை மெல்ல மேலே எழும்பியது. கதவு திறக்கவில்லை. ஸ்கேனரில் பிளஸ் இருபத்திரண்டு. உஸ்ஸ்... என்று காற்றுப் பை மூச்சு விட்டது. வாசனை இல்லை.

வேறொருவனாக இருந்தால் வீட்டுக்குள் ஓடி, உள்ளே இருப்பவளை எழுப்பியிருப்பான். இவனுக்கு அந்த நேரத்திலும் சாவிதான் ஞாபகம் வந்தது. இந்த எண்ணோடு வண்டி போனால் மறுபடியும் திரும்பி வருமே! இறங்கி, கதவை மூடி, ஜன்னல் வழியே கையை நீட்டி ஸ்கேனரை எடுத்தான். வண்டி காலியாக இருக்கிறதா? ஆம். அன்று அவன் அழுத்திய ஒரே உண்மையான பதில். நான்கு மூலையும் பூஜ்யம். அதன் பிறகு அந்த வண்டி பட்டறைக்கு வரவே இல்லை. சாவியும் அவனிடமே இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை.

அந்த இரவுதான் இன்னும் முடியவில்லை. பூட்டியிருந்த வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். படுக்கையறையில் சின்ன விளக்கு. மனைவி சுவர்ப்பக்கம் பார்த்து நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவன் நிலைப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே, கட்டிலின் இந்த ஓரத்தில் மெத்தை அமுங்கியது. மெதுவாக... ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு. அவள் உடம்பு அந்தப் பக்கமாக லேசாகச் சரிந்தது.

கண்ணைத் திறக்காமல் சொன்னாள்.

"ஓரத்துல உட்காராதீங்க, விழுந்துடுவீங்க. உள்ள தள்ளி வாங்க."

அந்தப் பள்ளம் உள்ளே நகர்ந்தது.