முதல் கட்டம் மட்டும்

அக்கா: ...அதைத் தொடாதேடா! சால்டரிங் ராடு, இன்னும் சூடு ஆறல.

தம்பி: உன் ஆபீஸ்ல மனுஷன் உக்கார ஒரு இடம் காலியா இருக்கா? எங்க பாத்தாலும் ஒயர்.

அக்கா: அந்த டப்பாவை நகர்த்திட்டு உக்காரு. டீ சொல்லட்டுமா?

தம்பி: டீயெல்லாம் வேணாம்க்கா. பழுது பாக்கக் குடுத்தேனே, அப்பா பெட்டி, என்னாச்சு?

அக்கா: போயிடுச்சுடா.

தம்பி: பெட்டியா?

அக்கா: பெட்டி நல்லாத்தான் இருக்கு. உள்ள இருந்த அப்பா பேச்சு போயிடுச்சு. என் தப்புதான்.

தம்பி: நீயே செஞ்சு குடுத்த பெட்டி. நீயே எழுதின புரோகிராம்.

அக்கா: குத்திக் காட்டாத.

தம்பி: குத்தல. கண்ணு மங்கினதுலேருந்து அப்பாவுக்கு அதுதானே துணை. மனசுல பட்டதையெல்லாம் அதுலதானே பேசி வெப்பார். அவர் போனப்புறம் அவர் பையில இருந்து நான் எடுத்ததே இது ஒண்ணுதான்... சரி, சொல்லு. எப்படிப் போச்சு?

அக்கா: மெமரி வரிசையா கட்டம் கட்டமா இருக்கும்னு வெச்சுக்கோ. ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு துண்டு பேச்சு. முன்னாடி கொஞ்சம் இடம் தேவைப்பட்டுச்சு. அதனால மொத்தத்தையும் ஒரு கட்டம் பின்னுக்குத் தள்ளணும்.

தம்பி: தள்ள வேண்டியதுதானே?

அக்கா: புரோகிராம் எழுதற சி மொழியில அதுக்கு மெம்காப்பி, மெம்மூவ்னு ரெண்டு கட்டளை இருக்கு. நான் மெம்காப்பி போட்டுட்டேன். அது முதல் கட்டத்தை எடுத்து ரெண்டாவது மேல எழுதிடுச்சு.

தம்பி: அப்போ ரெண்டாவதுல இருந்தது?

அக்கா: போச்சு. அப்புறம் அந்த ரெண்டாவதை எடுத்து மூணாவது மேல...

தம்பி: இரு இரு. அதுலயும் இப்போ முதல் கட்டம்தானே இருக்கு?

அக்கா: ஆமா. கடைசி வரைக்கும் அதேதான். எடுக்கற இடமும் வெக்கற இடமும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருந்தா மெம்மூவ்தான் போடணும். அது பின்னாலேருந்து நகர்த்திக்கிட்டு வரும், எதுவும் அழியாது.

தம்பி: இது தெரியாமயா இத்தனை வருஷம் குப்பை கொட்டின?

அக்கா: தெரியும்டா. அவசரம்.

தம்பி: இன்னொரு பிரதி எடுத்து வெச்சுக்கலையா?

அக்கா: ...மறந்துட்டேன்.

தம்பி: மளிகைக் கடை ரசீதைக்கூட ரெண்டு இடத்துல பத்திரப்படுத்தறவ...

அக்கா: மறந்துட்டேன்னு சொல்றேன்ல!

தம்பி: கத்தாதக்கா. அங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க.

அக்கா: பாக்கட்டும்.

தம்பி: இப்போ போட்டா என்னதான் கேக்குது?

அக்கா: வேணாம்டா.

தம்பி: போடு.

பெட்டி: சின்னவனே... சின்னவனே... சின்னவனே... சின்னவனே... சின்னவனே...

தம்பி: நிறுத்துக்கா!

அக்கா: நான்தான் வேணாம்னேனே.

தம்பி: கூடவே இருந்து குளிப்பாட்டி, ஊட்டி விட்டவ நீ. எப்பவாவது எட்டிப் பாத்த என்னைப் போய் கூப்பிட்டிருக்கார் பாரேன்.

அக்கா: மீதியும் உன்கிட்ட பேசினதாத்தான் இருக்கும்.

தம்பி: இருக்குமா... இருந்துச்சா?

அக்கா: அந்த ஸ்க்ரூடிரைவரை எடு, பெட்டியை மூடணும்.

தம்பி: அது மூடித்தான்க்கா இருக்கு.

அக்கா: அவசரமும் இல்ல, மறதியும் இல்லடா. தெரிஞ்சேதான் மெம்காப்பி போட்டேன். பழுதுன்னு நீ குடுத்த பெட்டி, சுவிட்சைத் தட்டினதுமே பேசிச்சு. முழுசா கேட்டேன். அது உன் காதுல விழவே கூடாதுன்னு தோணிச்சு. ஒரேயடியா துடைச்சுப் போட்டிருக்கலாம்... உன்னைக் கூப்பிட்டதையாவது விட்டு வெக்கணும்னு... என்ன சொன்னார்னு கேக்க மாட்டியா?

தம்பி: கேட்டாச்சுக்கா, உனக்கு முன்னாடியே. 'அவ என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போறா, நீ வந்து கூட்டிட்டுப் போ'ன்னு அழுதார். நீ வேலைக்குப் போன நேரத்துல கதவு திறந்திருந்தா, கண்ணு தெரியாம அவர் நேரா ரோட்டுக்குப் போய் லாரிக்கு முன்னாடி நிப்பார்னு எனக்குத் தெரியாதா? பெட்டி பழுதே ஆகலக்கா. அழிச்சிடலாம்னு நானும்தான் எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பா குரலாச்சே... கை வரல. உன்கிட்ட குடுத்தா நீ அழிச்சிடுவேன்னுதான் குடுத்தேன்.