வேல்விழி தோற்ற டெஸ்டுகள்

உங்கள் ஸ்டேஷன் அமைதியாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். என் ஆபீஸ் அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைக்கு மேல் மாடி. கீழே நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தச் சத்தத்தில் பெங்களூர்க் கம்பெனிகளோடு போனில் பேசிப் பேசி எனக்கு மெதுவாகப் பேசவே மறந்துவிட்டது. சத்தமாகப் பேசினால் சொல்லுங்கள்.

இந்த மகுடேஸ்வரன் கம்பெனிகளை ஏமாற்றிவிட்டான் என்று என் மேல் புகார். ஒப்புக்கொள்கிறேன். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பது என் தொழில். எனக்குக் கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதத் தெரியாது. மாட்டுத் தரகன் பால் கறக்கவா செய்கிறான்?

முன்பு பனியன் கம்பெனிகளுக்கு டெய்லர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தொழிலை அங்கேதான் கற்றேன். புதிதாக வரும் டெய்லரை அரை நாள் மிஷினில் உட்கார வைத்து, "டிரையல்" என்று தைக்கச் சொல்வார்கள். மத்தியானம், கை சரியில்லை என்று அனுப்பிவிடுவார்கள். தைத்த பீஸெல்லாம் பெட்டிக்குள் போய், கப்பல் ஏறி, ஏதோ ஒரு வெள்ளைக்காரன் முதுகில் ஒழுங்காகவே உட்கார்ந்திருக்கும். அந்த டெய்லரும் மறுநாள் அடுத்த கம்பெனி வாசலில் பணிவாக நிற்பான். இதைப் பார்த்த பிறகு மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை.

சாஃப்ட்வேர் படித்தவர்கள் இன்னும் மோசம். நான் அவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று. ஒரே ஆளின் பயோடேட்டா இரண்டு ஏஜென்சி வழியாகப் போனால் கம்பெனிக்காரன் இரண்டையும் குப்பையில் போடுவான், அதனால் என்னைத் தவிர வேறு எங்கும் கொடுக்காதே, கம்பெனியோடு நேராகப் பேசாதே. பாதி உண்மைதான். அவ்வளவு படித்தவர்கள், ஒருவர்கூட மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டதில்லை.

வேல்விழியும் கேட்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா முத்துப்பேச்சி பனியன் கம்பெனியில் செக்கிங், தைத்து வரும் பனியனில் பழுது தேடும் மேஜை வேலை. மகளை அந்த மேஜையில் உட்கார விடக்கூடாது என்பதற்காகவே ஓவர்டைம் பார்த்துக் கல்லூரிக்கு அனுப்பியவள். மகளை என்னிடம் விட்டபோதே சொன்னாள்: "வர்ற தை வரைக்கும் பாப்போம் சார். அதுக்குள்ள ஒரு வேல கெடைக்கலேன்னா, இவளும் எங்கூடத்தான் வரணும். எனக்குக் கண்ணு மங்கிக்கிட்டு வருது."

அதே வாரம் வெள்ளகோவிலிலிருந்து சிவசுப்பிரமணியம் வந்தார். நூல் மில்காரர். பையன் பிரபாகரும் கூட வந்திருந்தான். இன்ஜினியரிங் முடித்து அவன் கற்றுக்கொண்டது பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வது. அதையும் அவ்வப்போது மறந்துவிடுவான். "பையன் பெங்களூர்ல ஐடின்னு பத்திரிகையில போடோணுங்க. அங்க அவன் வேலை பாக்கறானோ இல்லீங்களோ, அது நமக்கெதுக்குங்க?" என்றார். கல்யாணப் பத்திரிகைக்காக வேலை தேடுகிற ஜனம் மேடம் இது.

கம்பெனிகள் முதலில் வீட்டிலிருந்தே செய்து அனுப்பும்படி ஒரு டெஸ்ட் கொடுக்கும். அதில் தேறினால் மீதி வெறும் பேச்சு. அதற்கு நான் பழக்கிவிடுவேன். பிரபாகருக்கு வந்த டெஸ்டை வேல்விழிக்கு அனுப்பி, "உனக்கு வந்திருக்குது கண்ணு" என்றேன். விடிவதற்குள் முடித்து எனக்கு அனுப்பிவிட்டாள். அதைப் பிரபாகர் பெயரில் கம்பெனிக்கு அனுப்பினேன். பிரபாகர் தேறினான். வேல்விழியிடம், நீ எழுதின புரோகிராம் ரொம்ப நீளமாக இருக்கிறதாம் என்றேன்.

அடுத்து ஊத்துக்குளியில் ஒருவரின் மகனுக்கு வந்த டெஸ்டையும் தனக்கு வந்தது என்று நம்பிச் சுருக்கமாக எழுதினாள். அவனும் தேறினான். அவளிடம், இப்படிச் சுருக்கினால் யாருக்குப் புரியும் என்று கேட்கிறார்களாம் என்றேன். அதையும் நம்பினாள். "எங்க தப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன்," என்பாள். நான் வாயில் வந்ததைச் சொல்வேன். அவள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அதைத் திருத்துவாள். நான் குறை சொல்லச் சொல்ல அவள் வேலை மெருகேறிக்கொண்டே போனது. கல்லூரியில் அவளுக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைத்திருக்க மாட்டார்.

என் கண் முன்னாலேயே அவள் மாறினாள். முதலில் என் முன்னால் நாற்காலியில் நேராக உட்கார்ந்து பேசுவாள். பிறகு நுனியில் உட்கார்ந்தாள். கடைசியில் வாசலிலேயே நின்று, "இந்தத் தடவையும் போச்சா சார்?" என்று அவளே கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போவாள். எனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மார்கழியில் பெங்களூரிலிருந்து சித்ரகலா என்று ஒரு மேடம் கூப்பிட்டார். பிரபாகர் சேர்ந்த கம்பெனியின் டீம் லீடர். "உங்க மூலமா வந்த பசங்க யாருக்கும் ஒரு வரி எழுத வரல. ஆனா எல்லாரோட டெஸ்டும் ஒரே கை. அது யாருன்னு மட்டும் சொல்லுங்க. கேஸெல்லாம் போட மாட்டேன். அந்த ஆள் எங்களுக்கு வேணும். நாளைக்கே சேத்துக்கறேன்," என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அன்றைக்கே முத்துப்பேச்சி குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன்.

வேல்விழி லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளிடம் சித்ரகலாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பிள்ளை அங்கே போகும். போனால் பேசும். பேசினால் என் தொழில் என்ன ஆகும்? நான் சொன்னது இதுதான்: "கண்ணு, எல்லாருக்கும் எல்லாம் வந்துராது. உனக்கு இது ஏறலை. மனசைப் போட்டு ஒழப்பிக்காத. அம்மா கம்பெனி மொதலாளி நமக்கு வேண்டியவருதான். நாளைக்கே செக்கிங்ல சேத்தி உடறேன்."

அவள் அழவில்லை. "எனக்கும் தெரிஞ்சுபோச்சு சார். படிச்சவள்னு சும்மா நெனச்சுட்டு இருந்தேன்," என்றாள். முத்துப்பேச்சிதான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு, "நீங்களாவது உண்மையச் சொன்னீகளே சார், நல்லா இருப்பீக," என்று கும்பிட்டாள்.

சித்ரகலாவிடம், அந்தப் பிள்ளைக்கு உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிட்டது, வர மாட்டேன் என்கிறாள் என்றேன். அவர் நம்பவில்லை. உங்களிடம் புகார் கொடுத்தார். பாருங்கள், ஏஜென்சிக்காரன் சொல்வதை நம்பாத ஒரு ஆளை இத்தனை வருடத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வேல்விழி ஒரு டெஸ்டில்கூடத் தோற்றதில்லை. கொடுத்ததிலெல்லாம் தேறினாள். அத்தனை வேலையையும் நான்தான் விற்றேன். இப்போது அம்மாவுக்குப் பக்கத்து மேஜையில் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுதுள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வேலை வாங்கித் தருகிறேன் என்றேன், வாங்கித் தந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். சாட்சி என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லிவிடாதீர்கள். இப்போதுதான் மனசு தேறி, தலையைக் குனிந்து வேலை பார்க்கிறாள். எல்லாம் அவள் ஜெயித்தது என்று தெரிந்தால் தாங்குவாளா? உங்களுக்கு வழக்கு முக்கியம். அவள் மேல் அக்கறை இருப்பது எனக்கு மட்டும்தான்.