ஆறு மணி நேரம் விளையாடினவ

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும், இதுல உக்காருங்க. அவள நம்பி வேலைக்கு எடுக்கலாமா கூடாதான்னு ஒரு வார்த்தையில கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்திருக்கீங்க. ஒரு வார்த்தையில சொல்ல எனக்கு வராது. மொதல்ல நீங்க மூணு விஷயம் தெரிஞ்சுக்கணும்.

ஒண்ணு, அவ எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. அப்போ ஒரே வீட்டுலதான் இருந்தோம், நடுவுல ஒரு சுவர். ரெண்டு, இந்த வெப்சைட்ல அவளச் சேத்துவிட்டதே நான்தான். ஆன்லைன் கேம் ஆடிப் பாத்து விமர்சனம் எழுதறது, அதுதான் எங்க ரெண்டு பேர் வேலையும். மூணு, அவ மேல புகார் எழுதிக் குடுத்ததும் நான்தான். இருங்க, இருங்க, எழுந்திரிக்காதீங்க. மறைக்கணும்னா உங்களுக்கு நேரமே குடுத்திருக்க மாட்டேனே.

விமர்சனத்த நம்பலாமான்னுதானே எல்லாரும் கேக்கறாங்க? சினிமான்னா நீங்க பாத்தாலும் நான் பாத்தாலும் அதே படம். ஆன்லைன் கேம் அப்படியா? உள்ள யார் யார் வர்றாங்களோ, அவங்கதான் கேம். ஆனா வெளியாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கம்பெனிக்காரங்க எங்களுக்குன்னு தனியா ஒரு சர்வர் தொறப்பாங்க. கூட்டம் இருக்காது. நடுவுல நின்னு போகாது. மத்தவங்க காசு குடுத்து வாங்கற கத்தி, கவசமெல்லாம் நமக்கு உள்ள போனதுமே கையில இருக்கும். எதிர்ல ஆடறதுல பாதிப் பேர் அந்தக் கம்பெனி ஆளுங்க, பாந்தமா தோத்துக் குடுப்பாங்க. கடை தொறக்கறதுக்கு முந்தின நாள் போய்ப் பாத்துட்டு, கூட்டமே இல்ல, கடைக்காரர் தங்கமானவர்னு எழுதினா எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நான் எழுதினதும் அப்படித்தானான்னா? கேளுங்க, தப்பில்ல. நான் முறைப்படி எழுதினேன். கம்பெனி குடுக்கற விமர்சகர் அக்கவுண்ட்ல நாப்பது மணி நேரம் ஆடாம ஒரு வரிகூட வெளிய போகக் கூடாதுன்னு இங்க விதி கொண்டு வந்தவளே நான். எத்தன மணி நேரம்னு அந்த அக்கவுண்ட்டே காட்டும். திங்கக்கிழமை காலையில எல்லாரும் ஆசிரியர்கிட்ட அதக் காட்டணும். அவ மட்டும் காட்ட வேண்டாம். அவ எழுதினாச் சரியாத்தான் இருக்கும்மா, விடும்மாங்கறார் அந்த மனுஷன். என்னப் பாத்து! பதினோரு வருஷமாக் காட்டிக்கிட்டிருக்கேன் நான்.

என் விமர்சனத்துக்குக் கீழ நாலு பேர் கருத்துப் போடுவாங்க. அதுல ரெண்டு பேர், அந்த இன்னொரு அக்கா எப்ப எழுதுவாங்கன்னு கேப்பாங்க. நான் எழுதறது மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வெச்சிருப்பாங்களே, அந்தச் சீட்டு மாதிரி இருக்காம். யார் சொன்னாங்கறீங்க? என் பொண்ணு. பதினாலு வயசு. சித்தி எழுதினா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்காம்.

ஆமா, பொறாமைதான். வேற பேர் வெச்சா மட்டும் வயிறு எரியாம இருக்குமா? எழுத்துக்குக்கூட இல்ல மேடம். எழுத்துல அவ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியும், திருத்தறவளே நான்தானே. என் பொண்ணு என்கிட்டப் பேசறது மூணே வார்த்தை. சரிம்மா, தெரியும்மா, அப்புறம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் போயிட்டா வாய் மூடாது. ஒரு நாள் காய்ச்சல்னு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அந்தப் பக்கம் என் பொண்ணு சிரிக்கறா. மூச்சு முட்டற மாதிரி ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். செருப்பக்கூடக் கழட்டாம நின்னுக்கிட்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தீவு கேம் ஒண்ணு வந்துதே, ஞாபகம் இருக்கா? முகம் தெரியாத இருபது பேர் ஒரு தீவுல மாட்டிக்குவாங்க. எல்லாரும் சேந்து படகு கட்டணும், ஆனா பன்னெண்டு பேருக்குத்தான் இடம். ஊர்ல இருக்கற விமர்சகர் எல்லாரும் பத்துக்கு ஒம்போது போட்டாங்க. இவ ஒருத்தி மட்டும் நாலு போட்டா. படகு கட்டறது ஒருத்தர், காசு கட்டினவங்க வந்து அவங்களத் தள்ளிவிட்டுட்டு ஏறிக்கறாங்க, படகு கட்டின சின்னப் பசங்க கரையில நிக்கறாங்கன்னு எழுதினா. படிச்சா உங்களுக்கே கோவம் வரும். கம்பெனிக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு.

நான் அவ விமர்சகர் அக்கவுண்ட்டோட நேரத்த எடுத்துப் பாத்தேன். ஆறு மணி நேரம். ஆறே ஆறு. அத அப்படியே எழுதிக் குடுத்தேன். கம்பெனிக்காரங்க அத வெச்சுக்கிட்டுக் குதிச்சாங்க, ஆடாமலே எழுதிட்டான்னு. அவ, ஆசிரியர், முதலாளி, நான், நாலு பேரும் உக்காந்தோம். ஆடித்தான் எழுதினேன்னா அவ. எந்த அக்கவுண்ட்லன்னு கேட்டார் ஆசிரியர். பாவம், எப்படியாவது அவளக் காப்பாத்தணும்னு ரெண்டு தடவ கேட்டார். அவ பதில் சொல்லல. ஒரு தடவ என்னப் பாத்தா. நான் என் முன்னாடி இருந்த பேப்பர நேரா அடுக்கி வெச்சேன்.

அவ எதுக்கு வாயத் தொறக்கலன்னா... அதையும் சொல்றேன். அப்புறமா முடிவானதையெல்லாம் வரிசையாச் சொல்றேன், எழுதிக்கோங்க.

அவ விமர்சனத்த எடுத்துட்டாங்க. அவளையும் அனுப்பிட்டாங்க. அடுத்த மாசமே கொழுந்தனாரும் அவளும் வேற வீடு பாத்துக்கிட்டுப் போயிட்டாங்க. போகும்போதுகூட என்ன அக்கான்னுதான் கூப்பிட்டா. அவங்க இருந்த ரூம் இப்ப காலியா இருக்கு.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கம்பெனி படகு விதிய மாத்திருச்சு. அவ சொன்ன குறை அத்தனையும் சரின்னு அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நான் நாப்பது மணி நேரம் ஆடி, எட்டும் ஒம்போதும் போட்ட கேம்கள்ல ரெண்ட, ஆட ஆள் வராம மூடிட்டாங்க.

அவ எந்த அக்கவுண்ட்ல ஆடினாங்கறதும் தெரிஞ்சுபோச்சு. கம்பெனி குடுத்தத ஆறு மணி நேரம் பாத்துட்டு மூடி வெச்சுட்டா. கேம் வெளியானதும், சாதாரண ஆளுங்களுக்கு என்ன நடக்குதோ அதப் பாக்கணும்னு ஒரு சாதாரண அக்கவுண்ட்ல உள்ள போயிருக்கா. அம்பத்தெட்டு மணி நேரம். அந்த அக்கவுண்ட் என் பொண்ணோடது. பரீட்சை முடியறவரைக்கும் கேமத் தொடக் கூடாதுன்னு நான் சத்தியம் வாங்கியிருந்தேன். சாயங்காலம் சாயங்காலம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆடியிருக்காங்க. கரையில விட்டுட்டுப் போனது அவங்களத்தான். சொன்னாப் பொண்ணு என்கிட்ட மாட்டிக்குவான்னு அவ சொல்லல, அவ்வளவுதான்.

என் பொண்ணு இப்ப அந்த மூணு வார்த்தையும் பேசறதில்ல.

இன்னொண்ணு, தேதி. அதையும் எழுதிக்கோங்க. புகார நான் எழுதிக் குடுத்தது வெள்ளிக்கிழமை. பொண்ணோட அக்கவுண்ட்ட நான் தொறந்து பாத்தது அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, புதன்கிழமை.