லீவு நாள் ரேட்டு

ராயபுரத்திலிருந்து மணலி போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடை பார்க்கிறவர், மற்றவர் அங்கேயே லோடு ஏற்றுகிறவர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"நான் பண்ண வேலையில பொண்ணோட டாக்டர் பட்டமே பூடும்னு பயந்துகினு இருந்தேன் மாமு," என்றார் எடைக்காரர்.

"இன்னா பண்ணே?"

"அமெரிக்காக்காரன் வட்டிய ஏத்துனா டாலர் ஏறுதுல்ல, அப்பால நம்ம மார்க்கெட்ல தகடு எத்தினி நாள்ல ஏறுதுன்னுதான் அவ ஆராய்ச்சி. தெனம் கடை போர்டுல கீற ரேட்ட நோட்டுல எழுதுப்பான்னா. லீவு நாள்ல கட்டம் காலியா கெடந்திச்சா, மனசு கேக்காம முந்துன நாள் ரேட்டையே போட்டுகினு வந்தேன்."

"அய்ய!"

"முந்தாநேத்து வைவா. காலைல அவ கெளம்பசொல்லோ சொல்லிட்டேன். சிரிக்கிறா. 'ஆயுத பூஜைக்குக்கூட ரேட்டு எழுதிக்கீறியேப்பா! அப்பவே பாத்து லீவு நாளெல்லாம் கணக்குலருந்து எடுத்துட்டேன். சொன்னா நீ பேஜாராயி நோட்டையே தூக்கிப் போட்டுருப்பே'ன்றா."

"பாசாயிட்டாளா?"

"ஆயிட்டா மாமு. அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்கா தூங்குனேன்."

சாத்தாங்காட்டில் இறங்க எழுந்தார்கள். எடைக்காரரின் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு.

"படிப்புதான் முடிஞ்சிச்சே, இன்னும் இன்னாத்துக்கு நைனா நோட்டு?"

"டாலர் ஏறுனா அன்னிக்கே ரேட்ட ஏத்துறானுங்கோ. நேத்து டாலர் எறங்கிக்கீது. இவனுங்கோ என்னிக்கு எறக்குறானுங்கோன்னு பாக்க வாணாவா?"