சொல்லியாச்சுங்க

ரயில்வே கேட்டடிக் கடையில் மிளகாய் பஜ்ஜி நன்றாக இருக்கும். உங்கள் இருவருக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். விசாரணைக் குழு என்றால் பட்டினி கிடக்க வேண்டும் என்று கட்சி விதிகளில் எங்கும் இல்லை.

நீங்கள் இருவரும் மெட்ராஸிலிருந்து ஒரே காரில் வந்து இறங்கியதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நிம்மதி. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படை அங்கேயே இருக்கட்டும் என்பவர் உங்களில் ஒருவர். உடனே திரும்பட்டும் என்பவர் ஒருவர். இவ்வளவு தூரமும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி வந்ததில் கழுத்து வலித்திருக்கும். எங்கள் ஒன்றியச் செயலாளர் சென்னியப்பன் ரயிலில் அடிபட்டு இறந்ததற்கு எந்தக் கோஷ்டி காரணம் என்று கண்டுபிடிக்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டுமே இல்லை என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்கிறேன், எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மணியன். சேலத்தில் பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருடம். மாணவர் அணியில் பேச்சாளன். கல்லூரியில் நான் எழுதி ஒட்டிய கேலிச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுச் சென்னியப்பன்தான் என்னைத் தேடி ஹாஸ்டலுக்கு வந்தார். சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வேட்டியில் எப்போதும் மரத்தூள் ஒட்டியிருக்கும். "சாமி, இதையே மைக்குல சொல்லுவியா?" என்று கேட்டார். சொன்னேன். சந்தைத் திடலில் ஜனம் சிரித்த சிரிப்பில் முறுக்குக்காரி தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அன்றிலிருந்து நான் அவருக்குப் பிள்ளை மாதிரி. அவருடைய சொந்தப் பிள்ளை சின்னண்ணன் பட்டாளத்தில் இருந்தான். வீட்டில் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அவர் மனைவி செல்லாயி எனக்குச் சோறு போடும்போது அவனுடைய தட்டில்தான் போடுவார்.

ரயில் மறியல் எங்கள் பக்கம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பாறையை வெட்டிப் போட்ட வளைவில் பாசஞ்சர் வண்டியை மறிப்போம். முன்கூட்டியே ஒருவன் மொபெட்டில் ஸ்டேஷனுக்குப் போய் மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் "இதே வேலையாப் போச்சு உங்களுக்கு" என்று சலித்துக்கொண்டு வண்டியை வெளி சிக்னலிலேயே நிறுத்தி வைப்பார், போலீசுக்கும் போன் செய்வார். போலீஸ் அதன் பிறகுதான் வரும். முன்னால் வந்தால் தடுக்க வேண்டியிருக்கும் அல்லவா. எல்லோரும் தண்டவாளத்தில் படுப்போம், போட்டோ எடுப்போம், கைதாவோம். கல்யாண மண்டபத்தில் தக்காளி சாதம். பொழுது சாய வீட்டுக்கு.

இதில் எனக்கு இரண்டு வேலை. மாஸ்டரிடம் சொல்வது ஒன்று. சென்னியப்பனைத் தூக்கிவிடுவது இன்னொன்று. அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. படுத்துவிடுவார், எழ முடியாது. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவர், எல்லாம் முடிந்ததும் கையை மட்டும் மேலே நீட்டுவார். நான் பிடித்து இழுப்பேன். ஒவ்வொரு தடவையும், "தூக்கறதுக்கு ஆளிருந்தா எங்க வேணும்னாலும் படுக்கலாஞ் சாமி" என்பார்.

படை போனபோது நாங்கள் எல்லோரும் மாலை வாங்கினோம். அந்த ஐப்பசியில் அது அங்கே நம் இயக்கப் பையன்களையே சுட ஆரம்பித்ததும் கட்சி இரண்டாகப் பிளந்தது. படையை எதிர்ப்பதில் அப்போது சென்னியப்பன் உறுதியாக இருந்தார். படையைக் கண்டித்து முதல் துண்டறிக்கை போட்டது எங்கள் ஒன்றியம்தான். வாசகம் என்னுடையது.

பிறகு தை மாதத்தில் சந்தைத் திடலில் கூட்டம். நான் பேசினேன். அமைதியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இறக்குவதற்குக் கூலியாள் கிடைக்காமல் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். நல்ல சிரிப்பு. கேன்டீன் சரக்கு குடிக்கிற ஜவானுக்குக் கை நடுங்கும், அதனால்தான் குண்டு குறி தப்பிப் பள்ளிக்கூடத்தில் விழுகிறது என்றேன். அதற்கும் சிரிப்பு. ஜவான் வீட்டுக்குச் சாவுத் தந்தி வருவதைப் பற்றி ஒரு கேலி வைத்திருந்தேன். அன்றைய பேச்சில் அதுதான் உச்சம். பாதி சொல்லும்போது துண்டுச்சீட்டு வந்தது. 'போதும். உட்கார்.' சென்னியப்பனின் கையெழுத்து. நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தொடர்ந்தேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார். கூட்டத்துக்கு முன்னால்.

"நீ போயி எல்லாருக்கும் டீ சொல்லு சாமி" என்றார்.

அப்புறம் அவர் பேசினார். "என்ற பையன் அங்கதானுங்க இருக்கறான். அவன் சுட்டாலும் சாகறது நம்ம சனம், அவனைச் சுட்டாலும் சாகறது நம்ம சனம். இதுல எந்தப் பக்கம் நின்னு கை தட்டறதுன்னு எனக்குத் தெரியலீங்க." அவ்வளவுதான் பேச்சு. அதில் ஒரு உவமை கூட இல்லை. ஜனம் அழுதது. எனக்காகச் சிரித்த அதே ஜனம். முறுக்குக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இதை நான் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது கொள்கையை. அடுத்த வாரம் மாவட்டச் செயற்குழுவில் படையைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தபோது அவர் கை தூக்கவில்லை. எதிராகவும் தூக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். நம் கட்சியில் துரோகி என்பது பொங்கல் இனாம் மாதிரி, எல்லோருக்கும் ஒரு தடவை கிடைத்துவிடும். ஆனால் நான் அந்த வார்த்தையை மனதார நினைத்தது அன்றுதான். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "கோவமா கண்ணு? ஊட்டுக்கு வா, செல்லாயி கோழி அடிச்சிருக்கா" என்றார். போனேன். சாப்பிட்டேன். சின்னண்ணன் தட்டில்தான்.

செயற்குழு கடைசியில் யாருக்கும் நோகாமல் ஒரு ரயில் மறியல் அறிவித்தது. 'ஈழத் தமிழர் துயர் தீர்ப்பீர்' என்று அட்டை. இரண்டு கோஷ்டியும் கூசாமல் பிடித்துக்கொள்ளக்கூடிய அட்டை.

அன்று காலை நான் வழக்கம்போல மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கேட்டடியில் பஜ்ஜி வாசம் வந்தது. நிறுத்திச் சாப்பிட்டேன். பசி ஒன்றும் பெரிதாக இல்லை. ஸ்டேஷன் அங்கிருந்து தெரியும். மாஸ்டர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். கை ஆட்டினால் பார்த்திருப்பார். இன்னும் இரண்டு பஜ்ஜி பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வளைவுக்குத் திரும்பினேன்.

எல்லோரும் தயாராக இருந்தார்கள். சென்னியப்பன் தண்டவாளத்தின் மேல் துண்டால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா சாமி?"

"சொல்லியாச்சுங்க."

"என்ன சொன்னாரு?"

"இதே வேலையாப் போச்சு உங்களுக்குன்னாருங்க."

சிரித்தார். என் தோளைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து படுத்தார். நான்தான் படுக்க வைத்தேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். நான் சரளைக் கல் மேட்டில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன்.

வண்டி வளைவில் வரும்போது ஊதியது. நிற்கப்போகிற வண்டியின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. அவர் பட்டறையில் வேலை செய்யும் சின்னுசாமிதான் முதலில் எழுந்தார். "அண்ணா, வண்டி நிக்கலீங்க, எந்திரிங்க" என்று கத்திக்கொண்டே குதித்தார். எல்லோரும் குதித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய முழங்கால் நன்றாக இருந்தது.

"ஏண்டா ஓடறீங்க? மணியன் சொல்லியிருக்கறான், நிக்கும்" என்றார் சென்னியப்பன் துண்டுக்கு உள்ளிருந்து.

தண்டவாளம் அதிர ஆரம்பித்ததும் புரிந்திருக்க வேண்டும். கையை நீட்டினார். வழக்கமாக நீட்டுகிற மாதிரியே, அவசரமில்லாமல், என் பக்கம். சின்னுசாமி உங்களிடம் சொன்னது சரி. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எட்டுகிற தூரம். ஆனால் என் கை எண்ணெயாக இருந்தது. பிடித்திருந்தாலும் வழுக்கியிருக்கும்.

சின்னண்ணன் காரியத்துக்கு வந்திருந்தான். யாழ்ப்பாணத்தில் தோளில் குண்டு பட்டு ஒரு கை தூக்க முடியாது. இன்னொரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா அப்பா பக்கத்துல நீங்க இருந்தது போதுமுங்க" என்றான். நான் தலையை ஆட்டி வைத்தேன். துக்கத்தில் இருப்பவர்களிடம் கொள்கை பேசக் கூடாது.

ஆகவே எந்தக் கோஷ்டி என்று கேட்டால், கோஷ்டி எதுவும் இல்லை என்று எழுதுங்கள். சென்னியப்பனை ரயிலுக்குப் படுக்க வைத்தது நான். கடலுக்கு அந்தப் பக்கம் சாகிற தமிழனுக்காகச் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. மேடை, மைக், கைதட்டல் இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரங்கல் கூட்டத்தை அதே சந்தைத் திடலில்தான் வைத்தார்கள். ஒன்றியத்திலேயே நன்றாகப் பேசுகிறவன் என்று என்னைத்தான் பேசச் சொன்னார்கள். நெடுநேரம் பேசினேன். முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள், இரண்டும் என் பேச்சுக்குத்தான். கடைசி வரை யாரும் துண்டுச்சீட்டு அனுப்பவில்லை.